கடலோரக் காளான் குடிலுக்குக் கோடையில் எது கைகொடுக்கும்: ஓலையா, கூலரா, ஏசியா, பால்காளானா?

மார்கழியிலும் தையிலும் கொத்துக் கொத்தாக வெடித்த சிப்பிக் காளான், பங்குனி பிறந்ததும் மொட்டு விட்ட கையோடு மஞ்சளாகிக் கருகத் தொடங்கும். இராமநாதபுரம் மாவட்டக் கரையில் தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை 10-க்கு 10 அடிக் குடிலில், வைக்கோலும் காளான் வித்தும் அடைத்த அறுபது, எழுபது படுக்கை தொங்கவிட்டிருப்பவர்கள் எல்லோரும் அப்போது ஒரே கேள்வியில்தான் நிற்கிறார்கள். சாக்கை நனைத்துத் தொங்கவிட்டால் போதுமா? கூலர் வாங்கலாமா? கடனோ உடனோ வாங்கி ஏசி போட்டுவிடலாமா? கோடை முடியும்வரை, சூட்டில் விளையும் பால்காளானுக்கு மாறிவிடலாமா?

காளான் வளர்ப்புப் பயிற்சியிலும் காணொளிகளிலும் கிடைக்கும் யோசனைகளில் பெரும்பாலானவை கோவை, திருப்பூர், மதுரைப் பக்கத்துக் காற்றுக்குச் சொன்னவை. அவை நம் கரையில் அப்படியே பலிக்காது. காரணம் காற்றில் இருக்கும் ஈரம்.

## முதலில் அளவுகோல்

எந்த வழியானாலும் ஐந்து கேள்வி கேட்டுப் பார்க்க வேண்டும்.

எத்தனை டிகிரிக்கு இறக்கும்? சிப்பிக் காளானுக்கு வித்து பரவும்போது 25 முதல் 28 டிகிரி, அறுவடை அறையில் 20 முதல் 30 டிகிரிக்குள் வேண்டும். சுவரில் தொங்கும் வெப்பமானியை மட்டும் நம்பக்கூடாது. வித்திலிருந்து காளான் பூசணம் பரவும் நாட்களில் படுக்கை தானே சூடு கக்கும். நடுவில் அறையைவிட 2 முதல் 4 டிகிரி கூடுதலாக இருக்கும். அறை 31 என்றால் படுக்கையின் வயிறு 34. காளானைக் கெடுக்கும் பச்சைப் பூசணம் அங்கேதான் பிடிக்கிறது.

ஈரப்பதத்தை என்ன செய்யும்? 80 முதல் 90 சதவீதம் தேவை. குறைந்தால் மொட்டு காயும். 95-ஐத் தாண்டி அங்கேயே நின்றால் தொப்பியில் தண்ணீர் உட்கார்ந்து பழுப்புப் புள்ளி விழும்.

நல்ல தண்ணீர் எவ்வளவு கேட்கும்? போர் தண்ணீர் உப்பு. அதைத் தொப்பியில் தெளித்தால் வெள்ளைப் படிவம், ஓரம் கருகல். தெளிக்கிற ஒவ்வொரு குடமும் காசு.

உப்புக் காற்றில் எத்தனை வருடம் தாங்கும்?

கரண்ட் போனால் எத்தனை மணி நேரம் அவகாசம்? விலைப்பட்டியலில் இல்லாத செலவு இதுதான்.

## வாங்கும் முன் ஈரத்துணிச் சோதனை

இரண்டு சாதாரணக் கண்ணாடி வெப்பமானி வாங்குங்கள். ஒன்றின் குமிழில் பழைய வேட்டித் துணியைச் சுற்றி, துணியின் வால் ஒரு மூடித் தண்ணீரில் கிடக்கும்படி வையுங்கள். இரண்டையும் நிழலில் தொங்கவிட்டு, எதிரே ஃபேனைப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். நேரம் பிற்பகல் இரண்டு, மூன்று மணி. ஈரத்துணி வெப்பமானி காட்டும் எண்தான் தண்ணீரை ஆவியாக்கி இறக்கக்கூடிய கடைசி எல்லை. சாக்கு, பனிபோலத் தண்ணீர் தூவும் ஃபாகர், கூலர் எதுவும் அதற்குக் கீழே போகாது.

34 டிகிரி, 70 சதவீத ஈரம் என்பது கரையில் சாதாரண வைகாசிப் பிற்பகல். ஈரத்துணி ஏறக்குறைய 29 காட்டும். உள்நாட்டில் 38 டிகிரி, 30 சதவீத ஈரம் என்றால் அது 24-க்கு அருகே நிற்கும். அங்கே வெயில் கடுமை, ஆனால் கூலர் வேலை செய்கிறது. இங்கே வெயில் குறைவு, கூலர் திணறுகிறது.

இரண்டு வெப்பமானிக்கும் இடைவெளி 5 டிகிரியோ அதற்குக் குறைவோ என்றால் கூலர் வாங்கும் காசு வீண். 8-க்கு மேல் என்றால் பலன் உண்டு. ஒரு வாரம் தொடர்ந்து எழுதி வையுங்கள், ஒரு நாள் கணக்கை நம்பாதீர்கள்.

டிஜிட்டல் ஈரப்பதமானி வைத்திருப்பவர்கள் அதையும் ஒருமுறை சோதிப்பது நல்லது, ஈர அறையில் ஆறு மாதம் கிடந்தால் அது பொய் சொல்லப் பழகிவிடும். ஒரு மூடி உப்பைச் சேறு பதத்தில் நனைத்து, மானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் எட்டு மணி நேரம் மூடி வைத்தால் 75 சதவீதம் காட்ட வேண்டும். வாலிநோக்கத்தில் உப்பளம் வைத்திருக்கிற மாவட்டத்தில் உப்புக்கா பஞ்சம்?

## வழி 1: ஓலைக் குடில், நனைத்த சாக்கு, மணல் தரை

பனையோலைக் கூரையின் வேலை சூட்டை இறக்குவது என்பதைவிட, சூட்டை உள்ளே விடாமல் தடுப்பது. ஆஸ்பெஸ்டாஸ் தகடு வெயிலில் காய்ந்து உள்ளே அனல் வீசும். ஓலை அப்படி வீசாது. முகடு 10 அடி, நீள வாக்கு கிழக்கு மேற்கு, ஓலைக்கு மேலே ஒரு அடி இடைவெளி விட்டு நிழல் வலை. இவ்வளவு செய்தால் உச்சி வேளையில் வெளியைவிட 2 முதல் 4 டிகிரி குறையும். இரவில் வெளியே 27 என்றால் உள்ளேயும் 27தான்.

சாக்குப் படுதாவைக் காற்று வரும் பக்கம் மட்டும் நனையுங்கள். நாலு பக்கமும் நனைத்து மூடினால் குளிர்ச்சி கூடாது, புழுக்கம்தான் கூடும். மண்டபம், ஏர்வாடிப் பக்கம் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று மன்னார் வளைகுடா மேல் ஓடி வருவதால் ஈரத்தோடு வரும். தொண்டி, தேவிபட்டினம் பக்கம் அதே காற்று நிலத்தைக் கடந்து வந்து சேர்வதால் காய்ந்திருக்கும்; அங்கே மேற்குப் படுதா நல்ல பலன் தரும். ஒரே மாவட்டம், இரண்டு கரை, இரண்டு கணக்கு.

மணல் தரைக்கு உப்புத் தண்ணீர் ஊற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. படுக்கையில் படாதவரை உடனடிக் கேடு இல்லை. நாளாக நாளாக மணலில் உப்பு ஏறும், உறி கட்டிய கம்பியும் ஆணியும் துருப்பிடிக்கும். வருடம் ஒரு முறை மேல்மணலை அள்ளிப் புதிது போடுங்கள்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் தெளிப்பதை நிறுத்திவிடுங்கள். கரையில் இரவு ஈரம் தானாகவே 85-ஐத் தாண்டும்; அதன் மேல் தெளித்த தண்ணீர் காயாமல் தொப்பியிலேயே நின்று, விடியும்போது பாக்டீரியாப் புள்ளியாகியிருக்கும். தெளிப்பெல்லாம் காலை பத்திலிருந்து பிற்பகல் மூன்றுக்குள்.

மறைந்த செலவு: ஓலையை இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், காற்று நாட்களில் கயிறு கட்ட வேண்டும், தீப்பொறிக்குப் பயந்து இருக்க வேண்டும். ஓலை இடுக்கில் ஈயும் வண்டும் குடியேறும். உள்பக்கம் 40 கண் வலை அடிக்காமல் கோடையைத் தாண்ட முடியாது.

மாசி கடைசி வரை சிப்பிக்கு இதுவே போதும். சித்திரை, வைகாசியில் இதை மட்டும் நம்பிச் சிப்பி போட வேண்டாம்.

## வழி 2: கூலர்

மூன்றாம் தர யோசனை இது. ஆனால் விற்பனை இதுதான் அதிகம், எனவே கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

நல்ல தேன்கூட்டுப் பேடு உள்ள கூலர், ஈரத்துணி இடைவெளியில் சுமார் 80 சதவீதத்தை இறக்கும். உள்நாட்டு 38 டிகிரிக் காற்று 27 ஆகி வெளிவரும். கரையின் 34 டிகிரிக் காற்று 30-க்கு வந்து நின்றுவிடும். அதற்குள் ஈரம் 90-ஐத் தாண்டியிருக்கும். ஓலைக் குடில் ஏற்கெனவே கொடுத்த 31, 32-க்கும் இதற்கும் ஒரு டிகிரி, இரண்டு டிகிரிதான் வித்தியாசம். கூடவே, எந்நேரமும் நனைந்து கிடக்கும் தொப்பிகள்.

"எங்கள் கூலர் தண்ணீரே குடிப்பதில்லை, சிக்கனமானது" என்று மகிழக்கூடாது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது ஏழு கிலோ பனிக்கட்டி உருகுவதற்கு இணையான சூட்டை எடுத்துக்கொண்டு போகும். தொட்டி குறையவில்லை என்றால் தண்ணீர் ஆவியாகவில்லை. ஆவியாகாத இடத்தில் குளிர்ச்சி எங்கிருந்து வரும்?

போர் தண்ணீர் ஊற்றினால் பேடு ஒரு பருவத்திலேயே உப்புப் பூத்துக் கல்லாகும். தொட்டியில் உப்பு அடர்ந்துகொண்டே போகும்; இரண்டு நாளுக்கு ஒரு முறை முழுதும் வடித்து மாற்றாவிட்டால் பேட்டிலிருந்து தெறிக்கும் துளியிலேயே உப்பு வரும். தகரக் கூலர் கரையில் அழுகும், பிளாஸ்டிக் உடல் மட்டும் பாருங்கள்.

கூலர் சரியான வழி ஆகும் இடமும் உண்டு. கரையிலிருந்து பத்து, பதினைந்து கிலோமீட்டர் உள்ளே, திருவாடானை, ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் குடில் உள்ளவர்களுக்கு, ஆனி, ஆடியில் மேற்குக் காற்று காய்ந்து அடிக்கும் பிற்பகல்களில் இது நன்றாக ஓடும். அப்போதும் உள்ளே தள்ளும் காற்று வெளியேற எதிர்ச் சுவரின் உச்சியில் இரண்டு சதுர அடித் திறப்பு வேண்டும். மூடிய அறையில் கூலர் ஓட்டினால் பத்து நிமிடத்தில் அது வெறும் ஃபேன்.

## வழி 3: காப்பிட்ட அறையில் ஏசி

கரையில் கோடை முழுக்கச் சிப்பிக் காளான் வேண்டும் என்றால் இதைத் தவிர வேறு வழி இல்லை. கேள்வி, கட்டுபடியாகுமா என்பதுதான்.

கணக்கு இப்படி. 10-க்கு 10, உயரம் 8 அடி, சுவரிலும் கூரையிலும் 50 மில்லிமீட்டர் தெர்மகோல் அடித்த அறை. சுவர் வழி வரும் சூடு 300 வாட் அளவில். படுக்கைகளின் சூடு அதைவிடச் சற்றுக் குறைவு. பெரிய தீனி புதுக்காற்று. சிப்பிக் காளான் மூச்சு விடும். காற்று மாறாவிட்டால் காம்பு நீண்டு தொப்பி சுண்டிப்போகும். மணிக்கு நாலு முறை அறைக் காற்று மாற வேண்டும். வெளியிலிருந்து வரும் 34 டிகிரி ஈரக்காற்றை 26-க்குக் கொண்டுவர மட்டும் 650 வாட் குளிர்ச்சி போகும். எல்லாம் சேர்த்தாலும் ஒரு டன் ஏசியின் 3,500 வாட்டில் பாதிகூட வராது. ஆகவே ஒன்றரை டன் வேண்டாம், ஒரு டன் இன்வெர்ட்டர் தாராளம். தெர்மகோல் அடிக்காமல் ஆஸ்பெஸ்டாஸுக்குக் கீழே மாட்டினால் மட்டும் எத்தனை டன்னும் போதாது.

புதுக்காற்றுக்கு, நிமிடத்துக்கு 200 கன அடி தள்ளும் ஆறு அங்குல எக்ஸாஸ்ட் ஃபேனை டைமரில் இணைத்துக் கால் மணி நேரத்துக்கு நாலு நிமிடம் ஓடவிடுங்கள். இடைவிடாமல் ஓடவிட்டால் ஏசி தெருவைக் குளிர்விக்கும்.

அடுத்த தலைவலி ஈரம். ஏசி காற்றிலிருந்து தண்ணீரைப் பிழிந்து குழாய் வழியே வெளியே விடும். அறை 60 சதவீதத்துக்கு இறங்கும். கரையில் இருந்துகொண்டு ஈரத்துக்குத் தனியாக மெஷின் வாங்குவது வேடிக்கைதான், ஆனால் வேண்டும். அல்ட்ராசோனிக் ஹியூமிடிஃபையரில் உப்புத் தண்ணீர் ஊற்றினால் காளான் மேல் வெள்ளைத் தூள் படியும். ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றலாம், ஆர்.ஓ. கழிவுத் தண்ணீர் கூடவே கூடாது.

மின்சாரம் நாளுக்கு 10 முதல் 14 யூனிட் ஆகும். இரண்டு மாதத்துக்கு 600 முதல் 840 யூனிட் வரை போகும். வீட்டு இணைப்பில் 500-ஐக் கடந்தாலே யூனிட் விலை வேறு வரிசைக்குப் போய்விடும். அதோடு விற்பனைக்கு வளர்ப்பதை வீட்டு இணைப்பில் ஓட்டலாமா என்பதை மின்வாரிய அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

உப்புக் காற்று அடுத்த செலவு. வெளி யூனிட்டைக் கடல் பார்த்து மாட்டாதீர்கள், சுவருக்கு மறைவில் மாட்டுங்கள். செப்புச் சுருள், பூச்சுள்ள தகடு பார்த்து வாங்கி, மாதம் ஒரு முறை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். உள்யூனிட்டின் எதிரி காளான் வித்துத்தூள். தொப்பி ஓரம் மேல்நோக்கிச் சுருளும்வரை விட்டால் அறை முழுக்கத் தூள் பறந்து வாரத்தில் ஃபில்டரை அடைக்கும். மனிதர் நெஞ்சுக்கும் ஆகாது, முகக்கவசம் போட்டே பறியுங்கள். ஓரம் நேராகும் முன் பறித்துவிடுவது காளானுக்கும் ஏசிக்கும் நமக்கும் நல்லது.

கரண்ட் போனால்? காப்பிட்ட அறை என்பதால் சூடு உடனே ஏறாது, மூச்சுதான் முட்டும். ஒரு மணி நேரத்தில் கதவைத் திறந்து வலைப்படுதாவை இறக்கிவிட வேண்டும்.

இராமேஸ்வரத்திலோ இராமநாதபுரத்திலோ வருடம் முழுக்கச் சிப்பிதான் வேண்டும் என்று கேட்டு, நல்ல விலையும் தருகிற வாடிக்கை ஓட்டல் கையில் இருந்தால் ஏசி போடலாம். சந்தையில் கூவி விற்பவர் போட்டால் லாபத்தை மின்வாரியத்துக்குக் கட்டுவார்.

இடையில் ஒரு வார்த்தை, ஐஸ் பற்றி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம். மீனுக்கு ஐஸ் அவ்வளவாகத் தேவைப்படாத அந்த நாட்களில் அதை வாங்கிக் குடிலில் போட்டால் என்ன என்று தோன்றும். 50 கிலோ கட்டி முழுதும் உருகினால் ஒரு டன் ஏசி ஒன்றேகால் மணி நேரம் செய்யும் வேலை. ஏசி பழுதான ஒரு பிற்பகலைக் கடத்த அது போதும். தினசரி வழியாக வைத்துக்கொள்ள முடியாது.

## வழி 4: பயிரையே மாற்றுவது

பால்காளானுக்கு 30 முதல் 35 டிகிரி பிடித்தமான சூடு. நாம் எதிரியாக நினைக்கும் சித்திரை அதற்குப் பருவம். மேற்கு வங்கத்தில் காணப்பட்டு 1974-இல் முதலில் விவரிக்கப்பட்ட காளான் இது, ஏ.பி.கே. 2 என்ற ரகமாகத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-இல் வெளியிட்டது. ஏ.பி.கே. என்பது அருப்புக்கோட்டை, நமக்குப் பக்கத்து ஊர். பறித்த சிப்பி அறைச் சூட்டில் ஒரு நாள் தாங்குவதே பெரிது. பால்காளான் இரண்டு, மூன்று நாள் வெளுப்பு மாறாமல் இருக்கும். கீழக்கரையிலிருந்து மதுரைக்குப் பஸ்ஸில் ஏற்ற வேண்டியவருக்கு இது பெரிய விஷயம்.

படுக்கை போடும்வரை எல்லாம் சிப்பிக்குச் செய்வதுதான்: வைக்கோலை நாலைந்து மணி நேரம் ஊறவைத்து, முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வேகவைத்து, பிழிந்தால் கை நனையும், சொட்டாது என்ற பதத்தில் உலர்த்தி, அடுக்கடுக்காக வித்துத் தூவுவது. வேக்காடு குறைந்தால் கறுப்புக் குடைக்காளான் முந்திக்கொண்டு முளைக்கும். கோடையில் இந்தத் தவறுக்கு மன்னிப்பே கிடையாது. வித்து வாங்கி வருவதிலும் கவனம் வேண்டும். பகல் பஸ்ஸின் கூரையில் வந்த வித்துப் பாதி செத்திருக்கும். இரவிலோ விடியற்காலையிலோ, மடியில் வைத்துக் கொண்டுவாருங்கள்.

பூசணம் முழுதும் பரவ 15 முதல் 20 நாள். பிறகு படுக்கையைக் குறுக்கே இரண்டாக வெட்டி, வெட்டிய முகத்தில் மேற்பூச்சு மண் 2 சென்டிமீட்டர் போட வேண்டும். கடலோரத்தில் தோற்பவர்கள் தோற்பது இந்த மண்ணில்தான். கடல் மணல், வாசல் மண் இரண்டும் ஆகாது, உப்பு. கண்மாய் வண்டலோ செம்மண்ணோ உள்ளேயிருந்து கொண்டுவந்து, சலித்து, கார அமில நிலையைப் பார்த்து, 8 முதல் 8.5-க்குள் வரும்படி கால்சியம் கார்பனேட் கலக்க வேண்டும். வழக்கமாக எடையில் 2 சதவீதம் போதும். வெள்ளையடிக்கிற சுண்ணாம்பை அதே அளவு போட்டால் காரம் எகிறிப் பூசணம் மேலே ஏறாது. பிறகு ஒரு மணி நேரம் ஆவியில் வேகவைத்து, ஆறவிட்டுப் பூசுங்கள். பத்து நாளில் மொட்டு வரும். தொடக்கம் முதல் கடைசிப் பறிப்பு வரை 45 முதல் 50 நாள்.

பால்காளானுக்குச் சிப்பியைவிட அதிக வெளிச்சம் வேண்டும், இருட்டடித்தால் மொட்டு வராது. அதற்காகப் பாதி பூமிக்குள் இறக்கிய நீல சில்பாலின் தார்ப்பாய்க் குடில் சொல்வார்கள். கரையில் மூன்று அடி தோண்டினால் பல இடங்களில் தண்ணீர் ஊறும், தரைமேலேயே போடுங்கள். நீலப் படுதாவை நேர் வெயிலில் விட்டால் உள்ளே 40-ஐத் தாண்டி மொட்டு மஞ்சளாகிச் சாகும். பகல் பதினொன்றிலிருந்து மூன்று வரை வெயில் விழாதபடி மேலே 50 சதவீத நிழல் வலை வேண்டும். பழைய ஓலைக் குடிலில் கூரையின் ஒரு பட்டையை எடுத்துவிட்டு நீலப் படுதா வைத்தும் சமாளிக்கலாம்.

மறைந்த செலவு மூன்று. மேற்பூச்சு வேலைக்கு ஆள்கூலி. சிப்பியைவிட ஒரு வாரம், பத்து நாள் கூடுதல் காத்திருப்பு. சிப்பி பழகிய வாடிக்கையாளரிடம் புதுக் காளானை விளக்கும் பாடு: பால்காளான் தடித்த சதை, கொஞ்சம் அதிக நேரம் வேகவேண்டும் என்பதைச் சொல்லாமல் விற்றால் "ரப்பர் போல இருக்கு" என்று அடுத்த வாரம் வாங்கமாட்டார்கள்.

## ஒரே பார்வையில்

வெளியே 34 டிகிரி, 70 சதவீத ஈரம் உள்ள கரையோரப் பிற்பகலுக்கு:

| | ஓலைக் குடில் | கூலர் | ஏசி அறை | பால்காளான் |
|---|---|---|---|---|
| உள்சூடு | 31–32 | சுமார் 30 | 24–26 | 31–34 போதும் |
| ஈரம் | தெளித்தால் சரி | மிகை | குறையும், மெஷின் வேண்டும் | மண்ணை ஈரமாக வைத்தால் சரி |
| நல்ல தண்ணீர் | நடுத்தரம் | அதிகம் | குறைவு, ஆனால் ஆர்.ஓ. | நடுத்தரம் |
| மின்சாரம் | இல்லை | உண்டு | நாளுக்கு 10–14 யூனிட் | இல்லை |
| கரண்ட் போனால் | கவலை இல்லை | சில மணி நேரம் | ஒரு மணி நேரம் | கவலை இல்லை |
| சித்திரை, வைகாசியில் | சிப்பிக்குப் போதாது | கரையில் வீண் | சிப்பிக்கு ஒரே வழி | முதல் தேர்வு |

## மாறுகிற நாட்கள்

பெரும்பாலோருக்கு எங்கள் பரிந்துரை ஓலைக் குடிலும் பால்காளானும் சேர்ந்தது. நாள் தவறினால் இரண்டும் கெடும் என்பதால் தேதியைக் கறாராக வைத்துக்கொள்ளுங்கள். கடைசிச் சிப்பிப் படுக்கை பிப்ரவரி 10-க்குள் போட்டுவிட்டால் மார்ச் கடைசியில் பறித்து முடியும். சம்பா அறுப்பு முடிந்து புது வைக்கோல் கிடைக்கும் காலமும் அதுதான். கோடைக்கு வேண்டியதை அப்போதே வாங்கி, நனையாத இடத்தில் பரணேற்றுங்கள். முதல் பால்காளான் படுக்கை மார்ச் முதல் வாரம், வேறு அறையில் வித்துப் பரவட்டும். கடைசிப் படுக்கை ஆகஸ்ட் நடுவில். வடகிழக்குப் பருவமழை இறங்கி இரவுச் சூடு 25-க்குக் கீழே போகத் தொடங்கினால் பால்காளான் சுணங்கும். அக்டோபர் நடுவில் சிப்பிக்குத் திரும்பிவிடுங்கள்.

மாறும்போது குடிலை ஒரு வாரம் காலியாகப் போட்டு, உறி, கம்பி, சுவரெல்லாம் ப்ளீச்சிங் பவுடர் தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். பழைய மேற்பூச்சு மண்ணை மறுபடி ஆவி காட்டிப் பயன்படுத்தும் ஆசை வரும், முந்தைய பருவத்து ஈ முட்டையும் உப்பும் அதில்தான் இருக்கும். அதை எடுத்துத் தென்னந்தூரில் கொட்டுங்கள்.